அடுத்த தட்டு

ஷைமா ஓட்ஸில் சீனி போட்டாள். போட்டதில் இரண்டு கரண்டியை அள்ளித் திரும்பவும் டப்பாவிலேயே கொட்டினாள்.

"ஒங்க தம்பிக்கு சுகர் எறங்கவே மாட்டேங்குது, லாத்தா. பேரீச்சம்பழ இனிப்பே போதும்."

ஃபைஸா தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவோமோ என்று பயம்.

அவள் தம்பி உபைத், ஷைமாவின் புருஷன், ஷார்ஜாவில் இன்று காலை எழுந்திருக்கவில்லை. ஃபஜ்ர் தொழுகைக்கு எழுப்பப் போன அறைக்காரர்கள் கையைத் தொட்டுப் பார்த்தார்களாம். ஜில்லென்று இருந்ததாம்.

செய்தி வந்து, லப்பைக்குடிகாட்டில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஷைமாவுக்கு மட்டும் சொல்லவில்லை.

அரியலூரிலிருந்து அவள் உம்மா வந்து சேரட்டும், பெற்றவள் பக்கத்தில் இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று ஆண்கள் முடிவு செய்தார்கள். முடிவு செய்துவிட்டுப் பள்ளிவாசல் பக்கம் போய்விட்டார்கள். அதுவரை அவளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை ஃபைஸாவின் தலையில் கட்டினார்கள். எல்லாம் காதும் காதும் வைத்த மாதிரி நடக்க வேண்டும் என்று புத்தி வேறு சொன்னார்கள். செத்துப்போனவன் ஃபைஸாவின் கூடப்பிறந்தவன் என்பது ஒருவருக்கும் நினைவில்லை.

ஃபைஸா வந்தபோதே ஷைமா ஓவனைச் சூடாக்கியிருந்தாள். போன லீவில் உபைத் கட்டி எடுத்து வந்த ஓவன். பின்தெருவில் ஒருவர் நாளை ஷார்ஜாவுக்குப் பயணமாம், அவரிடம் பிஸ்கட் கொடுத்துவிட வேண்டுமாம்.

ஷைமாவின் போன் அணைந்து மேசையில் கிடந்தது. அதுவும் நல்லதுக்குத்தான் என்று ஃபைஸா நினைத்துக்கொண்டாள்.

முதல் தட்டு வெந்து வந்தது. ஓரம் சிவந்து, அத்திப்பழமும் திராட்சையும் மேலே துருத்திக்கொண்டிருந்தன. ஷைமா ஒன்றை எடுத்து ஊதிக் கொடுத்தாள். ஃபைஸா கடித்தாள். உபைத் சின்ன வயதில் சீனி டப்பாவில் கையை விட்டு உம்மாவிடம் அடி வாங்குவான். மீதியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

இரண்டாவது தட்டு உள்ளே போனது. பிறகு மூன்றாவது. பயணம் போகிறவர் ஒரு டப்பாவுக்கு மேல் வாங்க மாட்டார் என்று ஃபைஸா சொல்லிப் பார்த்தாள். ஷைமா காதில் வாங்கவில்லை. ஓவன் மணி அடிப்பதற்குள் அடுத்த தட்டை நிரப்பி வைத்துக்கொண்டு அதன் முன்னாலேயே நின்றாள்.

ஜன்னல் வழியே விறகுப் புகை வந்தது.

மய்யித்து வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தார்தான் சோறு ஆக்கிக் கொண்டுவந்து போடுவார்கள். பக்கத்து வீட்டு ஆயிஷா பீவி நல்ல மனுஷி, அவசரக்காரி. கொல்லையில் பெரிய தேக்சாவை அதற்குள் அடுப்பில் ஏற்றிவிட்டாள்.

ஃபைஸா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். ஷைமா திரும்பிப் பார்க்கவில்லை.

மாவு தீர்ந்தது. மணி அடித்தது.

ஷைமா கடைசித் தட்டை எடுத்துக் கவிழ்த்தாள். காலித் தட்டைக் கழுவினாள். முந்தானையால் துடைத்தாள்.

"அதான் மாவு தீந்துருச்சேம்மா. ஓவன அணைச்சிரவா?" என்றாள் ஃபைஸா.

"ஆயிஷா பீவி மாமி வூட்ல பரண்லேர்ந்து தேக்சாவ எறக்குன சத்தம் காலையிலயே கேட்டுச்சு, லாத்தா." ஷைமா நிமிரவில்லை. "இது எரியிற வரைக்கும் அந்தச் சோறு உள்ள வராதுல்ல?"

வெறும் தட்டை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள்.

ஃபைஸா கிட்டே போனாள். ஓவனின் நேரக் குமிழைக் கடைசி எண் வரைக்கும் திருகிவிட்டாள்.