இடது கைக்காரர்கள்

இனப்படுகொலைப் பாடத்தை வரலாற்று டீச்சர் எப்போதும் ஒரு பொய் சொல்லித்தான் தொடங்குவாள்.

இடது கையால் எழுதுகிறவர்களின் பெயர்கள் ஆபீசுக்கு வேண்டுமாம் என்று, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கிளாஸ் லீடரிடம் சொல்வாள். பத்தே நிமிடத்தில் பட்டியல் வந்துவிடும். அதைத் தூக்கிக் காட்டி, எல்லாம் இப்படித்தான் ஆரம்பித்தது என்பாள். வகுப்பு கப்சிப்பென்று ஆகிவிடும்.

பதினான்கு வருடமாகப் பிசகாத வித்தை.

இன்று பிசகவே கூடாது. கொலையும் சாவும் பிள்ளைகளுக்கு எதற்கு என்று சில பெற்றோர் மனுக் கொடுத்திருந்தார்கள். இந்தப் பாடம் இனி உண்டா இல்லையா என்று முடிவு செய்ய, தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்.

இந்த வருட லீடர் மட்டும் எதற்கு என்று கேட்டாள். கேட்டால் கொடுக்க வேண்டியதுதான் என்று டீச்சர் வாயை அடைத்துவிட்டாள்.

பட்டியல் வந்தது. நாற்பத்திரண்டு பெயர்கள். லீடரின் பெயர்தான் முதலில். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துகிடந்தன.

"எங்க கிளாஸ்ல எல்லாருமே இடது கைதான், டீச்சர்."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். முன் பெஞ்சுக்காரி நாக்கைத் துருத்திக்கொண்டு இடது கையால் தேதி எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவனுக்கு மூக்கெல்லாம் மை. நிஜமான இடது கைக்காரர்கள் மூன்று பேரும் பெஞ்சு பெஞ்சாகப் போய், பேனா பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பாடம் அம்பேல். மனித உரிமைகள் அடுத்த அத்தியாயம். பிள்ளைகள் அதற்குள் முந்திக்கொண்டுவிட்டார்கள்.

டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வகுப்பே சேர்ந்து சிரித்தது.

தலைமையாசிரியை நோட்டில் 'பாடம் தொடரலாம்' என்று எழுதினார். இரண்டு வார்த்தை எழுத வெகுநேரம் பிடித்தது. அவரும் இடது கையால்தான் எழுதினார்.

மணி அடித்ததும் டீச்சர் இழுப்பறையைத் திறந்தாள். பழைய பட்டியல்கள் பதினைந்து இருந்தன. பதினான்கு, அந்தந்த வருடத்து லீடர்கள் எழுதியவை.

அடியில் கிடந்தது, பன்னிரண்டு வயதில் லீடராக இருந்தபோது அவளே எழுதியது. வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்கள், ஏழு பேர். அன்று ஆபீசில் நிஜமாகவே கேட்டார்கள். இது வெறும் எழுதிப் பார்த்த தாள். நல்ல பிரதியை அடித்தல் திருத்தல் இல்லாமல் அன்றே கொடுத்துவிட்டாள். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டினார்கள்.

திங்கட்கிழமை அந்த ஏழு பேரும் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.