நல்லதா ஒரு வார்த்தை

"சிஸ்டர், நாலாம் பெட் பெரியவருக்குப் பத்து மணி ஊசியைப் பத்தே காலுக்குத்தான் போட்டேன். அப்படியே எழுதிடறேன்."

"கால் மணி நேரத்துல குடியா முழுகிடும்? பத்துன்னே எழுதித் தொலையேன்."

"போட்டது பத்தே காலுக்கு. பத்துன்னு எப்படி சிஸ்டர் எழுதறது?"

இன்சார்ஜ் சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வார்டில் இந்தப் பெண்ணுக்குக் 'கடிகாரம்' என்று பேர் வைத்தது சும்மாவா?

"சொல்லிப் பார்த்தேன். பத்துன்னு எழுதியிருந்தா கையை ஒடிச்சிருப்பேன்."

கடிகாரம் போகவில்லை. பேனாவைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"சிஸ்டர், புது ஆஸ்பத்திரியில இன்டர்வியூ முடிஞ்சுது. உங்ககிட்ட விசாரிப்பாங்களாம். நல்லதா ஒரு வார்த்தை சொல்லுங்க. பாப்பா அப்பாவோட அந்த ஊர்லதானே இருக்கா, பார்த்து இருபது நாளாச்சு. இப்பல்லாம் அவ அத்தையைத்தான் அம்மாங்கறா."

"எனக்குத் தெரியாதா? போ, அஞ்சாம் பெட்டுக்கு பி.பி. பாரு."

திரும்பும் பக்கமெல்லாம் புது ஆஸ்பத்திரி முளைத்துக்கொண்டிருந்த நேரம் அது. இந்தப் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரே வருஷத்தில் ஒன்பது நர்ஸுகள் கிளம்பிப் போயிருந்தார்கள். மிரண்டுபோன நிர்வாகம் ஒரு விதி போட்டது: இனிமேல் ஒரு வார்டிலிருந்து வருஷத்துக்கு ஒருவரைத்தான் விடுவிப்போம். முந்திக்கொண்டவர் புண்ணியவான், மற்றவர்கள் அடுத்த வருஷம்.

இன்சார்ஜ் சிஸ்டரும் அதே புது ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். காதும் காதும் வைத்த மாதிரி. தலைமை நர்ஸ் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அந்த நாற்காலிக்கு ஏங்கியவர் அவர். இங்கே மூன்று தடவை கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனது. ஐம்பது வயது ஆகிவிட்டால் அங்கே எடுக்க மாட்டார்கள். அவருக்கு இந்த மாதம் நாற்பத்தொன்பது முடிகிறது; அடுத்த வருஷம் என்றால் ஐம்பது.

அன்றைக்கு, செவ்வாய்க்கிழமை, மத்தியானமே போன் வந்துவிட்டது. புது ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கும் மேடம்.

"அந்தப் பொண்ணு வேலையெல்லாம் எப்படி, சிஸ்டர்?"

"வேலை படு சுத்தம்." சிஸ்டர் தலையைத் திருப்பினார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கடிகாரம் ஒரு நோயாளியைத் தாங்கிப் பிடித்து மெல்ல நடக்க வைத்துக்கொண்டிருந்தாள். "ஆனா ஒண்ணு. நான் சொன்னதா வெளியில தெரிய வேணாம்."

"சொல்லுங்க."

"அவ சொல்றதை அப்படியே நம்ப முடியாது. ஜுரம் பார்க்காமலே பார்த்தேன்னு எழுதுவா."

நரம்பில்லாத நாக்கு, எப்படித்தான் புரண்டதோ! ஒரு நர்ஸுக்கு இதைவிடக் கெட்ட பேர் கிடையாது என்று அவருக்குத் தெரியாதா? சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர் ஒரு வாய்கூட இறங்காமல் மூடி வைத்தார். பாவி, பெத்தவ வயித்துல அடிச்சுட்டியே என்று தன்னையே திட்டிக்கொண்டார். பிறகு, சின்னப் பெண்தானே, அடுத்த வருஷம் போகட்டுமே என்று தன்னையே சமாதானமும் செய்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் கடிகாரம் சிவந்த கண்களோடு வந்தாள்.

"கிடைக்கலை சிஸ்டர்."

"ஏனாம்?"

"காரணம் சொல்லலை. நீங்க நல்லபடியாத்தான் சொல்லியிருப்பீங்க. என் நேரம், யாரை நோக?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பரவாயில்லை, உங்களுக்காவது எல்லாம் நல்லபடியா முடியட்டும்."

சிஸ்டருக்குத் திக்கென்றது. "எனக்கா? எனக்கென்னடி?"

கடிகாரம் அழுத முகத்தோடு லேசாகச் சிரித்தாள். அப்படியே நாலாம் பெட்டுக்குப் போய்விட்டாள். அதற்குள் போன் அடித்தது. அதே மேடம்.

"சிஸ்டர், தலைமை நர்ஸ் வேலைக்குக் கடைசி வரைக்கும் வந்திருக்கறது உங்க பேர்தான்."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் சிஸ்டர்.

"பெரிய பொறுப்பு. அதனால உங்களுக்குக் கீழே வேலை பார்த்த மூணு பேர்கிட்ட, உங்களுக்குத் தெரிய வேணாம்னு சொல்லி, திங்கட்கிழமையே விசாரிச்சோம். ரெண்டு பேர் உங்களைப் பத்தி வாயே திறக்கலை. மூணாவது பொண்ணு அரை மணி நேரம் பேசினாங்க. 'எங்க சிஸ்டர் ஒரு நேரத்தைக்கூடப் பொய்யா எழுத விடமாட்டாங்க, அவங்க மாதிரி நேர்மையானவங்களை நான் பார்த்ததில்லை'ன்னு சொன்னாங்க. உங்களுக்குச் சாதகமா எங்க கையில இருக்கறது அந்த ஒரு வார்த்தைதான்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நாலாம் பெட் அருகே, சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து அட்டையில் நேரம் எழுதிக்கொண்டிருந்தாள் அவள். சிஸ்டருக்குப் பார்வை கலங்கியது.

"அதுலதான் ஒரு சிக்கல்" என்றார் மேடம். "அந்தப் பொண்ணு சொல்றதை நம்ப முடியாதுன்னு செவ்வாய்க்கிழமை நீங்களே சொல்லிட்டீங்க. இப்ப நாங்க அவங்களை நம்பறதா, உங்களை நம்பறதா, சிஸ்டர்?"