ஆரஞ்சுப் பழத்து ஸ்டிக்கர்

மாலை வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. வெளியூர் மகளுக்கு முகம் காட்டவென்றே சவரம் செய்துவிட்டு மடிக்கணினி முன் உட்கார்ந்திருக்கிறார் அப்பா. "உங்க குரல் கேக்குதுப்பா. ஆனா ஒரே கும்மிருட்டு" என்கிறாள் மகள். செட்டிங்ஸ் முழுக்கத் துழாவியாயிற்று, அணைத்துப் போட்டும் பார்த்தாயிற்று, கேமரா மசியவில்லை. ஈரக் கையைத் துடைத்தபடி வரும் அம்மா திரையின் மேல்விளிம்பை நகத்தால் சுரண்ட, ஆரஞ்சுப் பழத்து ஸ்டிக்கர் ஒன்று உரிந்து வருகிறது. "நான்தான் ஒட்டினேன். தலை துவட்டும்போதெல்லாம் இந்தக் கண்ணு என்னையே முறைச்சுக்கிட்டு இருந்துச்சு." மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். பேசி முடிந்ததும் ஸ்டிக்கர் பழைய இடத்துக்கே போகிறது. அப்பா கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, அதன் ஸ்டிக்கரைப் பக்குவமாகப் பிய்த்துக்கொண்டு தன் செல்போனைத் தடவுகிறார். "இதுல கண்ணு எந்தப் பக்கம்?" "அதுக்கு ரெண்டு பக்கமும் கண்ணு. இன்னொரு பழம் எடுங்க."