கிரிக்கெட் துரைக்கு ரெண்டு சுருட்டு

அழகிரிசாமி கல்லறையின் மேல் இரண்டு சுருட்டுகளை வைத்து, அவை உருண்டுவிடாமல் எலுமிச்சம்பழத்தை முட்டுக் கொடுத்தார்.

மிதுன் பின்னால் நின்றான். கிரிக்கெட் அணியின் கேப்டன். அவன் கும்பிட வரவில்லை. இன்றைய பைனலில் அழகிரிசாமி அண்ணனுக்கு இடமில்லை என்று சொல்ல வந்திருந்தான்.

மற்றவர்கள் வெளியே குட்டியானை வண்டியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தார்கள். வண்டி அழகிரிசாமியுடையது. ஆளை நீக்கலாம், வண்டியை நீக்க முடியாதே.

சரவணம்பட்டியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அழகிரிசாமிக்கு நாற்பத்தாறு வயது. இந்த சீசனில் ஏழு ஆட்டம். ஏழிலும் முட்டை. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் இந்தக் கல்லறையிலிருக்கும் வெள்ளைக்காரருக்குக் கற்பூரம் காட்டாமல் மட்டையைத் தொட்டதில்லை.

கல்லில் ஆல்ஃபிரட் விண்ட்டர்போர்ன் என்ற பெயர் பாதி தேய்ந்திருந்தது. கீழே ஒரு கிரிக்கெட் மட்டை செதுக்கியிருந்தது. ஒருவர் சாமியாக அது போதாதா?

சொல்ல வந்ததைத் தள்ளிப்போட, மிதுன் அந்தப் பெயரைப் போனில் தேடினான்.

துரை கிடைத்தார். இங்கிலாந்தில் ஒரு கவுண்டி அணிக்கு மூன்றே ஆட்டம். ஆறு முறை இறங்கி நான்கு முட்டை. மீதி இரண்டில் மொத்தம் மூன்று ரன். கேட்ச் கிடையாது. அப்புறம் கப்பலேறி ஆனைமலையில் காப்பி நட்டார். அதைப் பூச்சி தின்றது. அவரைக் காய்ச்சல் தின்றது. வயது முப்பத்திரண்டு.

மிதுன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். ஒரே காலையில் ஒரு மனுசனிடமிருந்து அணியையும் பிடுங்கி, சாமியையும் பிடுங்குவதா?

சாமியைப் பிடுங்குவது சுலபம் என்று பட்டது.

“ஏனுங்ணா, இந்தத் துரை வாழ்க்கையில அடிச்சதே மூணு ரன்னுதானாமுங்க.”

அழகிரிசாமி திரும்பவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் தீக்குச்சி அணைந்துகொண்டே இருந்தது.

“தெரியுமுங்க கேப்டன், என்ற புள்ள போன வருசமே போன்ல பாத்துச் சொல்லிப்போட்டா. நூறு அடிச்ச சாமிகிட்டப் போயி நம்ம கஷ்டத்தைச் சொன்னா அதுக்கென்னங்க வெளங்கும்?”

மூன்றாவது குச்சியில் கற்பூரம் பற்றியது. அவர் இரண்டாவது சுருட்டை மட்டும் மிதுன் பக்கமாக லேசாக நகர்த்தி வைத்தார்.

“இது உங்களுக்காகங்க. காலிறுதி, அரையிறுதி, ரெண்டுலயும் நீங்களும்…”

மரியாதைக்காக அதோடு நிறுத்திக்கொண்டார்.

கேப்டன் எடுக்கும் முட்டையை யாரும் எண்ணுவதில்லை என்றுதான் மிதுன் இதுவரை நம்பியிருந்தான்.

கற்பூரம் மறுபடி அணையப் பார்த்தது. மிதுன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் குந்தினான். சட்டைப்பையிலிருந்த, அண்ணன் பெயர் இல்லாத பதினோரு பேர் பட்டியலை எடுத்துக் காற்றுக்கு மறைப்பாகப் பிடித்தான்.

காகிதத்தின் ஓரம் தீப்பிடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.