கறுப்பு டைட்ஸ்

"தம்பி, இது விளையாட்டுத் திடலா, உங்கட பள்ளிவாசலா?"

இரத்தினேஸ்வரி கேட்ட கேள்வியில், துறைமுகத்தடி மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். அவள் கையில் ஒரு கறுப்பு டைட்ஸ். பெண்கள் உதைபந்தாட்ட அணியில் எல்லாரும் கணுக்கால் வரை மூடும் அந்த டைட்ஸ் போட்டுத்தான் ஆடவேண்டும் என்பது கோச் முனீபின் புதுச் சட்டம்.

"பஸ்மியா முஸ்லிம் பிள்ளை, போடுறா, அது அவவின்ர வழக்கம். என்ர மகள் ஏன் போடவேணும்?"

"தரை முழுக்கக் கல், அக்கா. விழுந்தா முழங்கால் உரஞ்சும்."

"போன வருசம் கல் இருக்கேல்லையோ?"

நியாயமான கேள்விதான். முனீப் வலது கையை மெல்ல உயர்த்தினான்.

"பிழை என்ர, அக்கா. முதல்ல உங்களிட்டக் கேட்டிருக்கவேணும். ஆனா டைட்ஸ் இல்லாமல் ஒருத்தரையும் இறக்க ஏலாது."

"அப்ப சனிக்கிழமை கந்தளாய் மெச்சுக்கு என்ர பிள்ளை வரமாட்டா!"

டைட்ஸை அவன் கையில் திணித்துவிட்டு, மகள் கஜந்தினியை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வழி முழுக்க அந்தப் பிள்ளை மைதானத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்தது.

கணவன் பாலசிங்கம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். ஒரு காலத்தில் முனீபும் அவனும் ஒரே கிளப். இரண்டாம் பிரிவில் ஆடி, அதைத் தாண்டாத கிளப். முனீப் டிபென்ஸ், இவன் கோல் கீப்பர்.

"தன்ர மதத்தைப் பிள்ளையளில திணிக்கிறார். கேட்டா, பிழை என்ர எண்டு கையைத் தூக்குறார்!"

பாலசிங்கம் சிரித்தான். "கையைத் தூக்கினவனோ? அப்ப பிழை அவன்ர இல்லை."

"என்ன கதை இது?"

"நான் கோட்டை விட்டு கோல் போற நேரமெல்லாம், 'பிழை என்ர' எண்டு கையைத் தூக்கிறது அவன்தான். சனம் அவனைத்தான் ஏசும். கடைசியில கிளப்பும் அவனைத்தான் நிப்பாட்டினது. நான் பிறகும் ரெண்டு வருசம் ஆடினனான்."

சொல்லி முடிக்கையில் அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

இரத்தினேஸ்வரிக்குக் கோபம் போய் யோசனை வந்துவிட்டது. "அப்ப இப்ப ஆரைக் காப்பாத்துறார்?"

"என்னை, அம்மா."

கஜந்தினி பாவாடையைக் கொஞ்சம் உயர்த்தினாள். கெண்டைக்கால் முழுக்கத் தழும்பு. குழந்தையாக இருந்தபோது கொதிகஞ்சி காலில் கொட்டியது. அன்று குசினியில் கஞ்சி வடித்தவள் இரத்தினேஸ்வரிதான்.

"நிலாவெளி மெச்சில இதைப் பாத்துச் சிரிச்சவை. இனி வரமாட்டன் எண்டு முனீப் சேரிட்டச் சொன்னனான். அடுத்த பிறக்டிஸுக்கு எல்லாருக்கும் டைட்ஸ் கொண்டுவந்தார். ஆருக்காக எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"என்னிட்டச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை?"

"சொன்னா நீங்க அழுவீங்கள்."

அழத்தான் செய்தாள்.

அடுத்த நாள் பின்னேரம் மகளோடு மைதானத்துக்குப் போனாள். முனீப் பையிலிருந்து டைட்ஸை எடுத்துக் கஜந்தினியிடம் கொடுத்தான்.

"தம்பி, நேற்று நான்..."

அவள் முடிக்குமுன்பே அவன் கை மேலே போகத் தொடங்கியது.

"கையை இறக்குங்கோ, தம்பி" என்றாள் இரத்தினேஸ்வரி.

பிறகு, நேற்று அவள் கத்தியதைக் கேட்ட பிள்ளைகள் எல்லாரும் பார்க்க, தன் கையை உயர்த்தினாள்.