பக்கத்துக் கொக்கி

கப்பலை விட்டு இறங்குகிறவர்கள் பலகையில் தொங்கும் தங்கள் டோக்கனை எடுத்துக்கொண்டு போக வேண்டும். திரும்பியதும் மாட்டிவிட வேண்டும். தில்லைநாயகம் தன் அறைக்கு உரிய இரண்டையுமே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இருவருக்குமாகப் பதிவு செய்த பயணம். மனைவி வேதவல்லி மாசியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் பெயரை எடுத்துவிடச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

கப்பல் நின்ற முதல் ஊர் அது. ஆற்றோரமாகவே நடந்தார். பாலம், மீன் கடைகள், மணிக்கூண்டு. எந்த ஊருக்குப் போனாலும் அவர் விறுவிறுவென்று முன்னால் போவார். "கொஞ்சம் நில்லுங்களேன், மூச்சு வாங்குது" என்று பின்னாலிருந்து குரல் வரும். நின்றதே இல்லை. "நீ வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிரும்" என்பார். இன்று ஒவ்வொரு தெருமுனையிலும் கால் தானாக நின்றது. யார் யாரோ கடந்து போனார்கள்.

திரும்பி வந்து தன் டோக்கனை மாட்டினார். மற்றதை எடுக்கப் பைக்குள் போன கை அங்கேயே இருந்துவிட்டது.

கப்பல் வாசலில் டோக்கன்களைச் சரிபார்த்துக்கொண்டு நின்ற பணிப்பெண், யாழ்ப்பாணத்துக்காரி, காலியாக இருந்த பக்கத்துக் கொக்கியைப் பார்த்தாள். "அம்மா இன்னும் வரேல்லையோ, ஐயா?"

அவர் பையிலிருந்து வெறுங்கையை வெளியே எடுத்தார்.

"யோசிக்காதேங்கோ. ஒராளை விட்டிட்டுக் கப்பல் வெளிக்கிடாது."

கரையில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கக் குனிந்த கப்பல் ஆளைக் கைகாட்டி நிறுத்தினாள். தில்லைநாயகம் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாலத்தையே பார்த்தார்.

"மெதுவாத்தான் வருவா," என்றார்.