மன்னரின் முகம்

“தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்புங்க, ராஜா. ஆங், அப்படியே இருங்க!”

வென்ட்சல் திருப்பினான். கைகளைப் பின்னால் கட்டியிருந்ததால் தோள் வலித்தது. சுவரில் சாய்த்து வைத்திருந்த அரசரின் ஓவியத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான் ஹோல்ட்ஸர். கசாப்புக்கடைக்காரன், புரட்சி வெடித்ததிலிருந்து, ஒன்பது நாளாக ஊர்க்காவல் படைக்குத் தலைவன்.

“அதே மூக்கு, அதே தாடை. இன்னும் என்னய்யா வேணும்?”

“ஐயா, நான் பீப்பாய் செய்யுறவன். கையை அவுத்துப் பாருங்க, எவ்வளவு காய்ப்புன்னு.”

“ஓடிப்போக வேஷம் போட்டவருக்குக் காய்ப்பு வரவழைக்கத் தெரியாதா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“என் பெண்டாட்டியைக் கேளுங்க. வண்டியில கூடத்தானே வந்தா!”

“கேட்டோமே. ராணியம்மா உங்களைவிட நல்லா நடிக்கிறாங்க.”

அரசரை நேரில் பார்த்த யாரும் அந்த ஊரில் மிஞ்சவில்லை. அம்மை வார்த்துக் குழிவிழுந்த முகத்தைத் திரைக்குப் பின்னால் ஒளித்தே ஆண்டவர் அவர். கூட இருந்தவர்கள் அவரோடேயே ஓடிவிட்டார்கள். ஜனங்கள் கண்டதெல்லாம் பள்ளிக்கூடத்திலும் நீதிமன்றத்திலும் தொங்கிய இந்த முகம்தான்.

அது வென்ட்சலின் முகம். ஆறு வருஷத்துக்கு முன்னால் அரண்மனையில் ஒயின் பீப்பாய் இறக்க வந்தவனை அரசருக்குப் பதிலாக வைத்து வரைய ஓவியர் ரீடல் பிடித்து வைத்துக்கொண்டார். மூன்று வாரம், அரசரின் அங்கியை மாட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

நல்ல மனிதர் ரீடல். வீட்டிலிருந்து வரும் சூப்பில் பாதியை அவனுக்கு ஊற்றிக் கொடுப்பார். படம் அரசருக்குப் பிடித்துவிட்டால் தன் ஒரே மகனை அரண்மனைக் காவலில் சேர்த்துவிடலாம் என்று ஓயாமல் பேசிக்கொண்டே வரைவார்.

“ரீடல் ஐயாவைக் கூப்பிடுங்க. அவர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்” என்றான் வென்ட்சல்.

“ஆள் போயிருக்கு. ஆனா ஒண்ணு. விடிஞ்சதும் சதுக்கத்துல யாராவது தொங்கியாகணும், இல்லேன்னா ஜனங்க எங்களையே பிச்சுப்புடுவாங்க. நீங்க ராஜா இல்லேன்னா, ராஜாவைத் தப்பவிட்ட அரண்மனை வாசற்காவலுங்க பதினோரு பேர்தான்.”

பக்கத்து அறையில் அந்தப் பதினோரு பேரும் ஜெபம் சொல்லும் சத்தம் கேட்டது. திரை போட்ட வண்டியைத் தவிர வேறெதையும் பார்க்காத பிள்ளைகள். வென்ட்சலுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் அவனுக்கும் சொந்த ஊரில் மூன்று குழந்தைகள். ஊரிலிருந்து யாரையாவது கூட்டி வந்து சாட்சி சொல்ல வைக்கலாமென்றால், போய்வரவே ஆறு நாள் ஆகும்.

கதவு திறந்தது. ரீடல் வந்தார். தலை பஞ்சாக நரைத்திருந்தது. கையில் ஒரு முழு ரொட்டியும் புதிதாகப் பின்னிய கம்பளிக் காலுறையும். தனக்குத்தான் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டான் வென்ட்சல்.

“ஐயா! நான்தான் வென்ட்சல். தெரியுதுல்ல?”

ரீடல் அவனை வெகுநேரம் பார்த்தார். வரையும்போது பார்ப்பாரே, அதே பார்வை. பிறகு ஜெபச் சத்தம் வந்த பக்கத்து அறைப் பக்கம் திரும்பினார்.

“சீக்கிரம் சொல்லுங்க. இந்த ஆளா, இல்லையா?” என்றான் ஹோல்ட்ஸர்.

ரீடல் ரொட்டியைப் பெஞ்சின்மேல் வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, மெல்ல, இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றினார்.

“என்னை மன்னிச்சிருங்க, அரசே.”